புருவத்துக்கும் இலக்கணம்!

கையை ஆட்டிப் பேசுவதற்கெல்லாம் பல்கலைக்கழகத்தில் பட்டமா? – கும்பகோணம் வாசகர்

வாயை ஆட்டிப் பேசுவதற்கு எத்தனை பட்டம் கொடுத்திருக்கிறோம்!

1955-ல் காது கேளாதோருக்கான வாஷிங்டன் காலடெட் கல்லூரிக்கு ஆங்கிலம் நடத்தப் போனார் வில்லியம் ஸ்டோக்கோ. போனவர் மாணவர்களின் கைகளைக் கவனித்தார். விரித்த கையின் கட்டைவிரல் நெற்றியைத் தொட்டால் அப்பா. அதே கை முகவாய்க்கு இறங்கினால் அம்மா. கையின் வடிவம், இடம், அசைவு இவற்றில் ஒன்று மாறினாலும் பொருள் மாறுகிறது. இந்தச் சைகையும் மொழியேதான் என்று 1960-ல் எழுதினார். கல்லூரிக்குள்ளேயே எதிர்ப்பு. அசரவில்லை மனிதர், 1965-ல் காது கேளாத சகாக்கள் இருவரோடு சேர்ந்து அகராதியே போட்டுவிட்டார்!

அமெரிக்கரும் ஆங்கிலேயரும் சைகையில் சுலபமாகப் பேசிக்கொள்ளலாமே? – திருச்சி வாசகி

பாரிஸ்காரரோடு என்றால் கொஞ்சம் ஒப்பேற்றலாம்! 1817-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் காது கேளாதோர் பள்ளி தொடங்கக் கைகொடுத்த லாரன் கிளெர்க், பாரிஸிலிருந்து கப்பலேறி வந்த காது கேளாத ஆசிரியர். அவர் கொண்டுவந்த பிரெஞ்சுச் சைகையும் கலந்து வளர்ந்ததுதான் அமெரிக்கச் சைகை மொழி. பிரிட்டிஷ் சைகை மொழி முற்றிலும் வேறு குடும்பம்.

சைகை மொழிப் படிப்பில் முகபாவத்துக்கும் மார்க் உண்டாமே... பாடமா, பரதநாட்டியமா? – மதுரை வாசகர்

இலக்கணத் தாள்! அமெரிக்கச் சைகை மொழியில் ‘காபி வேண்டுமா?’ என்று கேட்கப் புருவம் ஏற வேண்டும். ‘யார்?’, ‘எங்கே?’ என்றால் புருவம் நெரிய வேண்டும். சும்மா இருந்தால் கேள்வியே இல்லை.

இதைக் காது கேளாத ஆசிரியரிடம் கற்பதுதான் முறை என்பேன். மொழிக்குச் சொந்தக்காரர் அவர்தானே?