மூன்றாம் இலைத் தேற்றம்: ஒரு முன்னாய்வு

வெளியில் சாப்பிடுவதைப் பற்றி எழுதுகிறவர்கள் எங்கே போகலாம், என்ன சாப்பிடலாம், எவ்வளவு ஆகும் என்ற கீழ்மட்டக் கேள்விகளோடு நின்றுவிடுகிறார்கள். யாருடைய சாப்பாட்டை யாருடைய ஊரில் யார் சாப்பிடுகிறார் என்ற மேல்மட்டக் கேள்வி அநாதையாகக் கிடக்கிறது. அதைத் தத்தெடுக்கவே இக்கட்டுரை. கள ஆய்வு ஈரிடங்களில் நடந்தது: ஜவ்வாது மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர், ஜெர்மனியின் டோர்ட்முண்ட். இவற்றைத் தேர்ந்ததற்கு முறையியல் காரணம் ஏதுமில்லை. மலையடிவாரத்து ஆலங்காயம் ஆய்வாளரின் சொந்த ஊர். டோர்ட்முண்டில் வேலை கிடைத்தது. ஆய்வுக் கருவி வயிறு.

தேற்றம் இது: அந்நிய ஊரில் ஒருவன் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடும் இலை அவன் ஊருடையதும் அல்ல, வந்து சேர்ந்த ஊருடையதும் அல்ல, மூன்றாவது ஊருடையது.

முதலில் மலை. ஜவ்வாதில் விளைவது சாமை, கேழ்வரகு. சாமைச் சோற்றில் ஊறி வளர்ந்தவர்கள் அங்குள்ள மலையாளி என்னும் பழங்குடி மக்கள். இப்போது ரேஷன் அரிசி அந்தச் சோற்றைப் பாதிக்கு மேல் ஓரங்கட்டிவிட்டது, அது வேறு ஆய்வு. போளூர்ப் பக்கமிருந்து வளைவு வளைவாக ஏறி, பீமன் அருவியில் குளித்துவிட்டுப் பசியோடு ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறவன் சாமைச் சோறா தேடுகிறான்? தோசைக்கல் சத்தம் வரும் திசையில் போகிறான். “இன்னாண்ணா, பிச்சிப் போடட்டா?” என்று கேட்டு மாஸ்டர் பரோட்டாவைப் பிய்த்து சால்னாவை ஊற்றுகிறார். அந்த மைதாவுக்கான கோதுமை மலையில் விளைந்ததல்ல. சால்னாவின் மிளகாயோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் கப்பலில் இந்தியாவுக்கு வந்தது. பக்கத்து பெஞ்சில் மலைக்காரர் ஒருவரும் அதே பரோட்டாவைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது மலையாளிகள் சொல்லும் வழிவழிக் கதை. ஆக, அந்தக் கடையில் கல்லைத் தவிர உள்ளூர்க்காரர் யாருமில்லை. (காலையில் இட்லி கிடைக்குமே என்பவர்களுக்கு: காலைச் சிற்றுண்டி தேற்றத்தின் எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளது.)

இனி ஜெர்மனி. அந்நாட்டின் முதல் பிட்சா கடை என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1952-இல் வூர்ட்ஸ்புர்க் நகரில் நிக்கோலினோ டி காமில்லோ திறந்தது. ஊர் ஜெர்மானியருடையது, அடுப்பு இத்தாலியருடையது. ஆரம்பத்தில் வந்து சாப்பிட்டவர்களோ அங்கே முகாமிட்டிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள். தேற்றத்துக்கு இதைவிடச் சுத்தமான நிரூபணம் வேண்டுமென்றால் ஆய்வகத்தில் செய்துதான் பார்க்க வேண்டும். பின்னர் 1955 டிசம்பரில் மேற்கு ஜெர்மனி இத்தாலியோடு ஆள் எடுக்கும் ஒப்பந்தம் போட்டது. சுரங்கத்துக்கும் தொழிற்சாலைக்கும் ஆள் வந்தார்கள், கூடவே நாக்கும் வந்தது.

யேனா நகரம் கிழக்கு ஜெர்மனியில் இருந்ததால் இந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. அங்கே கார்ல் ஸைஸ் நிறுவனம் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி 1972-இல் ஜவ்வாது மலையின் காவலூருக்கு வந்து சேர்ந்தது. 1977 மார்ச்சில் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டென்று காட்டிய அவதானிப்புகளில் காவலூருடையதும் ஒன்று. ஜெர்மன் கருவி, ஜவ்வாது மலை, பார்த்தது யுரேனஸை. தேற்றம் வானியலுக்கும் பொருந்துகிறதா என்று துறை வல்லுநர்கள் சொல்லட்டும்.

ஏன் மூன்றாவது இலை? ஜெர்மன் நகரில் இந்திய ஓட்டல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே எல்லாக் குழம்பும் ஆரஞ்சு நிறத்தில் கிரீம் மிதக்க வருகிறது. முதல் வாயிலேயே அம்மா ஞாபகம் வந்துவிடும். அதற்கப்புறம் எந்தச் சமையல்காரனும் தப்பிக்க முடியாது. ஜெர்மன் உணவகத்திலோ, மெனுவில் பாதி பன்றி, மீதி புரியாத நீளச் சொல். அங்கே அந்நியன் விருந்தாளி. மிச்சம் வைத்தால் அந்த நாட்டையே அவமதித்ததாகிவிடுமோ என்று தொண்டை அடைக்கும். இத்தாலியன் கடையில் இரண்டு பாரமும் இல்லை. சரியாகச் சாப்பிடத் தெரியாதவர்களே எல்லா மேசையிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். கார்போனாராவில் கிரீம் சேர்க்கக் கூடாது என்று ரோமாபுரியில் சண்டைக்கு வருவார்கள். இங்கே சேர்க்காவிட்டால் ஜெர்மானியர் சண்டைக்கு வருவார். இப்படிப்பட்ட இடத்தில் நாம் ஐந்து பேருக்கு மூன்று பிட்சா சொல்லி, காலித் தட்டு கேட்டுப் பங்கு போட்டால் யார் என்ன சொல்ல முடியும்? ஆளுக்கு ஒன்றை வெட்டாமல் தட்டில் வைத்து, கத்தியும் முள்கரண்டியுமாகத் தனித்தனியே போராடுவதே அவ்வூர் வழக்கம். அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு நாம் ஒரு துண்டு நீட்டினால் அவர்கள்தாம் பயந்துபோகிறார்கள். தண்ணீர் விஷயத்தில் மட்டும் தேற்றம் தோற்கிறது: சொம்புத் தண்ணீர் மேசைக்குத் தானாக வராது, பாட்டில் தண்ணீருக்கு பில் வரும், குமிழி வேறு விடும். இந்த ஒன்றில் ஜமுனாமரத்தூரே மேல்.

வீச்சியல் என்னும் கிளைத்துறையும் இங்கே குறிக்கத்தக்கது. நாப்போலி நகரத்துப் பிட்சா வித்தையை, மாவைச் சுழற்றி வீசுவது உட்பட, 2017-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. வீச்சுப் பரோட்டா மாஸ்டர் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் அதே காரியத்தைப் பனியனோடு செய்துகொண்டிருக்கிறார். இதில் ஆய்வாளரின் நடுநிலை தளர்கிறது.

டோர்ட்முண்டில் வழக்கமாகப் போகும் கடையில் ஒரு நாள் காரம் குறைவாக இருக்கிறதென்று நண்பனிடம் தமிழில் முணுமுணுத்தபோது, அடுப்படி ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

“தம்பி, உறைப்புக் கொஞ்சம் கூடப் போடட்டோ?”

யாழ்ப்பாணத்துக்காரர். 1983-க்குப் பிறகு அகதிகளாக அந்நாட்டுக்கு வந்த ஈழத்தமிழர் பலருக்கு ஓட்டல் சமையலறைகளில்தான் முதல் வேலை கிடைத்தது. அவற்றில் இத்தாலியன் ஓட்டல்களும் உண்டு. அருகிலுள்ள ஹாம் நகரில் 2002-இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு வடம் பிடிக்கும் கைகளில் பிட்சா மாவு பிசையும் கைகளும் உண்டென்று அந்த அண்ணைதான் சொன்னார்.

இது தேற்றத்துக்கு நெருக்கடி. மூன்றாமவர் வீட்டு இலையென்று நம்பி உட்கார்ந்தால் பரிமாறுகிறவர் நம்மாள்! சமைப்பவர், சாப்பிடுபவர், ஊர்க்காரர் மூவரும் ஒரே ஊராகிவிட்டால் அது ஓட்டல் இல்லை, கல்யாணப் பந்தி. நாமோ அந்தப் பந்தியில் பாதி தூரம் போய்விட்டோம். தேற்றத்தைக் காப்பாற்றும் கடைசி முயற்சியாக அவரிடம் ஒரு துணைக் கேள்வி வைக்கப்பட்டது: கடை விடுமுறை நாளில் நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள் அண்ணை?

“திங்கள் பூட்டு. அண்டைக்கு மனிசியும் சமைக்கமாட்டா. பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு சீனாக்காரன்ர கடைக்குத்தான் போறது.”

அங்கே சமைப்பவர் சீனரா?

“இல்லைத் தம்பி, வியட்நாம்காரர்.”