மந்தைக்கு வராத படங்கள்

திரைப்படமும் தொலைக்காட்சியும் கற்றுத்தரும் நம் கல்லூரிகளை மனம் திறந்து பாராட்ட வேண்டும். தேனி மாவட்டத்தில் பொட்டிபுரத்துக்கும் போடிக்கும் மேலே நிற்கிற மலையை அவற்றின் மாணவர்கள் எவ்வளவு அழகாக எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்பதைப் பார்த்தவன் நான்.

அவற்றின் பெருமை இன்று நேற்று வந்ததல்ல. இன்று எம்.ஜி.ஆர். பெயரில் தரமணியில் இயங்கும் அரசுக் கல்லூரி பி.சி.ஸ்ரீராமைத் தந்தது. 1986-இல் 'ஊமை விழிகள்' வந்தபோது, திரைப்படக் கல்லூரி மாணவர்களாலும் பெரிய திரையில் ஜெயிக்க முடியும் என்று ஊர் ஒப்புக்கொண்டது. புனே திரைப்பட நிறுவனம் மட்டக்களப்பிலிருந்து வந்த பாலு மகேந்திராவை ஒளிப்பதிவாளர் ஆக்கி அனுப்பியது. ஒளியைப் பற்றித் தமிழ் சினிமா அறிந்ததில் பெரும்பங்கு இந்த வகுப்பறைகளில் விளைந்ததுதான். அல்லிநகரத்துப் பாரதிராஜாவும் பண்ணைப்புரத்து இளையராஜாவும் வடுகபட்டி வைரமுத்துவும் இக்கல்லூரிகளுக்கு எந்தச் சிரமமும் வைக்காமல் தாமாகவே வந்துசேர்ந்தார்கள். ஒரு மாவட்டத்து மண் செய்த காரியம் அது.

கற்பித்தலின் தரம் தெரிய ஒரு வகுப்பில் உட்கார்ந்தால் போதும். நிறச் சீரமைப்பு, மாணவர்கள் டி.ஐ. என்பார்கள். மேகம் மூடிய மதியத்தில் ஏலத்தோட்டத்தில் எடுத்த ஷாட் ஒன்றை, இருபது வயதுப் பையன் கணினி முன் உட்கார்ந்து சொட்டச் சொட்டப் பச்சையாக்கினான். நிழல் எங்கே கனக்க வேண்டும், முகத்தில் எவ்வளவு சூடு தங்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. வியந்துதான் பார்த்தேன்.

ஏலக்காயின் பச்சைக்குப் போடியில் இன்னொரு படிப்பும் இருக்கிறது. பறித்த காயை நாள் கடத்தாமல் உலர்கூடமான ஸ்டோருக்குக் கொண்டுபோய், மூடிய அறையில் ஏறக்குறைய 50 டிகிரி சூட்டில் ஒரு நாளோ அதற்கு மேலோ உலர்த்துகிறார்கள். ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஒரு கிலோ தேறும். சூடு மிஞ்சினால் நிறம் போச்சு. நிறம் போனால் விலை போச்சு. ஸ்பைசஸ் போர்டின் மின்னேலத்தில் வியாபாரி முதலில் பார்ப்பது காயின் பருமனையும் நிறத்தையும்தான். தரம் பிரிக்கும் பெண்கள் வருஷக்கணக்கில் அந்தப் பச்சையோடு உட்கார்ந்தவர்கள். உள்ளங்கையில் நாலு காயைப் போட்டால், எது சூட்டில் சுணங்கியது, எது காலம் தப்பிப் பறித்தது என்று பிரித்துவிடுவார்கள். மாணவன் ஏற்றிய பச்சையைக் காட்டியிருந்தால், எந்தத் தோட்டத்துக் காயிலும் இல்லாத பச்சை இது என்று உடனே சொல்லியிருப்பார்கள். அவர்களைக் கேட்க வேண்டும் என்ற எண்ணமே வராத அளவுக்கு அவனைத் தேர்ச்சி பெற வைத்திருக்கிறது கல்லூரி.

ஒலிப்பதிவு வகுப்பும் இதற்கு இளைத்ததல்ல. விடியுமுன் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்புகள் ஏறுகின்றன. அந்த இரைச்சலைச் சுவடில்லாமல் துடைத்துவிட்டு, அங்கே ஒரு பறவையைக் கூவவைக்க மாணவர்களுக்குத் தெரிகிறது. திரையில் மலை அமைதியாக இருக்கிறது. ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து கேரள எல்லையைத் தாண்டுகிறவர்களின் பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். சில வீட்டாரிடம் தெலுங்கும் கன்னடமும் எட்டிப்பார்க்கும். புரியாத இடங்களையெல்லாம் எடிட்டர் நறுவிசாக வெட்டிவிடுகிறார். பிறகு சென்னையில் பதிவான ஒரு வாய்ஸ் ஓவர் எல்லோருக்காகவும் பேசி முடித்துவிடுகிறது.

தொலைக்காட்சிப் பாடத்தின் கூர்மையைப் பொட்டிபுரம் நேரிலேயே கண்டது. மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டத்துக்கு, ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய் மதிப்பில், 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. கேமராக்கள் வந்தன. தண்ணீர், ஆடுமாடு மேய்ச்சல், பாறைக்கு வைக்கப்போகும் வெடி என்று விவசாயிகளுக்கு ஆயிரம் கவலை. அத்தனையையும் அரை நிமிட பைட்டுக்குள் அடக்க, பயிற்சி பெற்ற இளைஞர்கள் பக்குவமாகச் சொல்லிக்கொடுத்தார்கள்: "ஐயா, ஒரே வரியில சொல்லுங்க." அவர்களும் ஒரே வரியில் சொன்னார்கள். மலைக்குள்ளே அப்படி எதைத் தம்பி பிடிக்கப் போறாக என்று அவர்கள் திருப்பிக் கேட்டது பைட் ஆகாது. அதனால் அது வரவில்லை. 2022-இல் திட்டம் வேண்டாம் என்று தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. கேமராக்கள் அடுத்த செய்திக்குப் போய்விட்டன. ஒரு ஊரில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதில் அந்தப் பயிற்சி அவ்வளவு துல்லியம்.

2018-இல் லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' வந்தது. நிலமில்லாத ரங்கசாமி ஏல மூட்டை சுமக்கிறான். துண்டு நிலம் ஒன்று வாங்கப் படாதபாடு படுகிறான். கடைசியில் அந்த நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கே காவலாளி ஆகிறான். தேனி ஈஸ்வரின் கேமரா மலையின் அழகோடு அதன் ஏற்றத்தையும் காட்டியது. பார்க்கிற நமக்கு மூச்சு வாங்கும். அந்தப் படத்தை ஷாட் ஷாட்டாகப் பிரித்துப் பேசும் மாணவர்களைக் கேட்டிருக்கிறேன். லென்ஸைச் சரியாகச் சொல்கிறார்கள், ஃபிரேமின் வடிவத்தை அலசுகிறார்கள். முதுகில் இருக்கும் மூட்டை எத்தனை கிலோ என்று கேட்டால் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அது தேர்வில் வராத கேள்வி.

2023 ஜூனிலிருந்து சென்னை ரயில் வாரம் மூன்று நாள் போடிக்கு வருகிறது. மாணவர்கள் கேமராப் பெட்டிகளோடு இறங்குகிறார்கள். ஊர் அவர்களுக்குச் சோறு போடுகிறது, திண்ணையில் படுக்க இடம் கொடுக்கிறது. "கேமராவப் பாக்காம நடங்க அக்கா" என்றால் காய் எடுக்கும் பெண்கள் கூலி வேலைக்கு நடுவே மறுபடி மறுபடி நடக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபமே இல்லை; சொல்லிக்கொடுத்ததைக் குறைவில்லாமல் செய்கிறார்கள். படம் சென்னையில் குளிரூட்டிய அரங்கில் ஓடுகிறது, கைதட்டல் வாங்குகிறது, பட்டமும் வாங்கித்தருகிறது. முடிவில் வரும் நன்றி கார்டில் 'ஊர்ப் பொதுமக்கள்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைத் திரையில் பார்த்த ஊர்க்காரர் ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஊர் மந்தையில் திரை கட்டி, பாய் விரித்து உட்கார்ந்து படம் பார்த்த மக்கள் இவர்கள். கல்லூரியில் புரொஜெக்டர் இருக்கிறது, ஸ்பீக்கர் இருக்கிறது, வந்துபோக ரயிலும் இருக்கிறது. நான் பார்த்த பாடத்திட்டங்களில் ஒளிக்கு மதிப்பெண் உண்டு, ஒலிக்கு உண்டு, எடிட்டிங்குக்கும் உண்டு. எடுத்த ஊரில் போட்டுக் காட்டியதற்கு மட்டும் ஒரு மதிப்பெண்ணும் இல்லை. அடுத்த பருவத்திலேயே அதைச் சேருங்கள். இறுதித் தேர்வுக்கு வெளியிலிருந்து அழைக்கும் மதிப்பீட்டாளர்களோடு, காய் தரம் பிரிக்கும் ஒரு பெண்ணுக்கும் நாற்காலி போடுங்கள். அன்றைய கூலியையும் கொடுத்துவிடுங்கள்.