வரப்பு எங்க இருக்குலே, பேராண்டி?

ஏலே பேராண்டி, கம்பெனியில 'எத்திக்ஸ்' பரீட்சை எழுதி நூத்துக்கு நூறு வாங்கிட்டியாமே! செல்லுல வந்த சர்ட்டிபிகேட்டை உங்கம்மா தெரு பூராவும் காட்டிட்டா. அப்படி என்னதான் கேட்டான்? "வாடிக்கையாளர் தங்கக் கடிகாரம் குடுத்தா வாங்கலாமா, கூடாதா?" இதுல தோத்துப்போறவன் எவன்லே? எடுத்த எடுப்புல கடிகாரத்தை யாரு நீட்டுதா? தீவாளிக்கு வார முந்திரிப்பருப்புப் பொட்டியிலல்லா ஆரம்பிக்கும். அதைப் பத்திக் கேட்டானா?

"எனக்குன்னு ஒரு எல்லை இருக்கு தாத்தா, அதைத் தாண்ட மாட்டேன்"ங்க. நல்லது சாமி. எங்க இருக்கு அந்த எல்லைன்னு கேட்டா மட்டும் தலையைச் சொறியுத.

நம்ம ஊர்ல வரப்பு காணாமப்போற கதை உனக்குத் தெரியாது. அடுத்தவன் புஞ்சையை எவனும் ஒரே நாள்ல பிடுங்க மாட்டான். வருஷா வருஷம் உழவுக்கு முந்தி, மம்பட்டியால ரெண்டு விரக்கடை சீவுவான். பாத்தாலும் தெரியாது. பத்து வருஷத்துல அந்த வரப்பு மேல ஆடு நடக்க இடம் இருக்காது. சர்வேயர் சங்கிலியோட வந்து அளந்தாத்தான் சங்கதி வெளிய வரும். மனுசன் தன்னோட எல்லையையும் இப்படித்தான் சீவுதான். ஆனா சீவுறவனும் அவன், புஞ்சையும் அவன் புஞ்சை. பஞ்சாயத்துக்கு எவன் வருவான்?

மொத மாசம் பில்லுல ஆட்டோ காசு கூட இருபது எழுதுவ. அடுத்தாப்புல மேனேஜர் சொன்னாருன்னு பழைய தேதி போட்டுக் கையெழுத்து. அப்புறம் எதைக் கேட்டாலும் "மேலிடத்து உத்தரவு". தேனெடுத்தவன் புறங்கையை நக்காம இருப்பானான்னு பழமொழி வேற! நக்குனவனை எவன்லே கேட்டான்? அடையோட முழுங்குனவனும் அதே பழமொழியைத்தான சொல்லுதான்!

எனக்குத் தெரிஞ்சது ஒரே சோதனைதான். செஞ்ச காரியத்தை டீக்கடை பெஞ்சுல உக்காந்து சத்தமாச் சொல்லிப் பாரு. குரல் இறங்குச்சுன்னா தாண்டிட்டன்னு அர்த்தம். சர்ட்டிபிகேட்டு எதுக்கு?

ஆனா அரசியல்னு வந்துட்டா என் சோதனையும் நொண்டுது. "ஓட்டுக்கு உங்க தெருவுல எம்புட்டு? எங்களுக்கு இன்னும் வரல"ன்னு அதே பெஞ்சுலதான் சத்தமாக் கேக்கான். கூச்சம் இருந்தாத்தான குரல் இறங்க? ஊரே சேந்து வரப்பைச் சீவுனா யாருக்கு யாரு பயப்படணும்? 2009ல திருமங்கலம் இடைத்தேர்தல் நடந்துச்சு. அதுக்குப் பெறவு ஓட்டுக்குத் துட்டு குடுக்கதுக்கு 'திருமங்கலம் ஃபார்முலா'ன்னு பேரே வந்துருச்சு. துட்டு விளையாடுதுன்னு 2016ல அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017ல ஆர்.கே. நகர், 2019ல வேலூர்னு தேர்தலையே நிறுத்திப் பாத்தாக. நம்மாளுக்கு வந்த கவலை என்ன? மறுதேர்தலுக்கு மறுபடியும் குடுப்பாகளான்னுதான்!

"அவன் கொள்ளையடிச்ச துட்டுதான, வாங்கிக்கிட்டு மனசாட்சிப்படி போடுவோம்"னு ஒரு நியாயம். வாங்கும்போது அந்த மனசாட்சி எங்க போச்சு, கம்மாய்க்குக் குளிக்கவா? ஓட்டுக்குத் துட்டு வாங்குறவனுக்கும் ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில்னு சட்டத்துல இருக்கு. குடுக்கவன் மட்டுந்தான் திருடன்னு நீயாச் சொல்லிக்கிடுத.

அதனால அரசியலுக்கு வேற சோதனை வச்சிருக்கேன். அதே காரியத்தை எதிர்க்கட்சிக்காரன் செஞ்சா என்ன சொல்லுவ? நேத்து ராத்திரி வாட்ஸ்அப்புல ஒரு படத்தை ஊருக்கே அனுப்புனியே, அந்த வேட்பாளரைப் பத்தி. நிசமான்னு கேட்டா, "நான் ஃபார்வர்டு மட்டுந்தான் பண்ணேன்"ங்க. உன் தலைவரைப் பத்தி அப்படி ஒரு படம் வந்தா சைபர் க்ரைமுக்குல்லா ஓடுவ!

பதவியில இருக்கவுகளுக்கும் ஒரு எல்லை உண்டுலே. 1956ல அரியலூர் பக்கம் வெள்ளத்துல நம்ம தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவுந்து 100 பேருக்கு மேல செத்துப்போனாக. ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவியை விட்டுட்டுப் போயிட்டாரு. அவரா வண்டி ஓட்டுனாரு? அவரா வெள்ளத்தை வரவச்சாரு? இப்ப பாலம் இடிஞ்சா மழை மேல பழி போடுதான். மழை எந்தக் கட்சின்னு மட்டும் இன்னும் சொல்லல.

உடனே நீ "அரசியலே சாக்கடை தாத்தா, நான் ஒதுங்கிட்டேன்"ம்ப. ஒதுங்குனா நீ குளிச்சு முழுகுன ஆளா? ஓட்டுப் போடாதவனுக்கு வரியில தள்ளுபடி எவனும் தரல.

அது கிடக்கட்டும். பட்டா மாத்த தாலுகா ஆபீஸ் போறியாமே? 2018ல சட்டத்தைத் திருத்திட்டாக, தெரியும்லா? லஞ்சம் குடுக்கவனுக்கும் 7 வருஷம் வரைக்கும் போடலாம். கட்டாயப்படுத்தி வாங்குனான்னா 7 நாளைக்குள்ள போய்ப் புகார் சொல்லிறணும். குடுக்கதுக்கு முந்தியே சொன்னா, லஞ்ச ஒழிப்புக்காரன் நோட்டுல பவுடரைத் தடவிக் குடுப்பான். தொட்டவன் கையைக் கரைசல்ல முக்குனா ரோஸ் கலராயிரும். இதெல்லாம் உன் பரீட்சையில வந்துச்சோ என்னமோ.

ஆமா, மேல்பையில ஐநூறு ரூவா நோட்டு ஒண்ணை மட்டும் தனியா நாலா மடிச்சு வச்சிருக்கியே... அது யாருக்குலே?