ஒன்றரை ஷிஃப்டுக்கு ஒரு மெய்க்கீர்த்தி

ஒன்றரை ஷிஃப்டே, நீ வாழி! திருப்பூர் காதர்பேட்டையில் கடைக்குக் கடை தொங்கும் நைட்டியும் நைட் பேண்ட்டும் உன் கொடை. அவற்றை உடுத்தி எத்தனையோ ஊர்க்காரர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். தைத்தவரின் தூக்கத்தை எடுத்து வாங்கியவருக்கு வழங்கும் வள்ளல் வேறு யார்?

உன் கணக்கறிவும் பெரிது. எட்டு மணி நேரம் ஒரு ஷிஃப்ட். பன்னிரண்டு என்றால் ஒன்றரை. ஷிப்மெண்ட் நெருங்கினால் நள்ளிரவு தாண்டி இரண்டு. மனிதத் தூக்கமோ ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுவது. கண்ணயர்தல், மெல்லிய தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று அதற்குப் படிகள் உண்டு. உடம்பைச் செப்பனிடும் ஆழ்ந்த தூக்கம் முதல் சுற்றுகளில் மிகுதி. கனவுத் தூக்கம் கடைசிச் சுற்றுகளில் மிகுதி. ஒரு மணிக்கு மிஷினை நிறுத்தி, இரண்டுக்குப் படுத்து, ஆறரைக்கு எழும் பவர் டேபிள் டெய்லருக்கு ஐந்து சுற்றில் மூன்றை விட்டுவைக்கிறாய். கனவுகளை மட்டும் பார்த்து நறுக்கும் இந்தக் கைத்திறன் எந்தக் கட்டிங் மாஸ்டருக்கும் வராது.

விடிய விடிய நைட் பார்த்தவர் பகலில் தகரக் கூரையின் கீழ் படுத்தால், உடற்கடிகாரமே அவரைத் தட்டி எழுப்பும். அக்கடிகாரத்தின் இயக்கத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கடிகாரத்தையே நாள்தோறும் தோற்கடிக்கும் உனக்கோ ஒரே ஒரு சிறப்புதான்: உடற்கடிகாரத்தைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையைப் புற்றுநோய்க்குக் காரணமாக வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் 2007இல் உலகச் சுகாதார அமைப்பின் ஆய்வு முகமை சேர்த்தது.

உன் வீரத்தையும் சொல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்றது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு வலுத்ததால் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. நீயோ மசோதா வருமுன்பும் இருந்தாய், போன பின்பும் இருக்கிறாய்.

எல்லாவற்றிலும் மேலான பெருமை ஒன்று உண்டு: குடிகளே கேட்டு வாங்கும் ஆட்சி உன்னுடையது. எட்டு மணி நேரக் கூலியில் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அடங்காததால், “ஒன்றரை உண்டுங்களா?” என்று கேட்டே வேலைக்குச் சேர்கிறார்கள். சனிக்கிழமைச் சம்பளம் எட்டு மணி நேர உழைப்புக்கே போதுமானதாகும் அன்று உன்னைக் கேட்க ஆளிருக்காது. அந்த நாள் விரைந்து வர வாழ்த்துகிறேன்.