குழாயை மூடு, புத்தகத்தையும் மூடு

பிள்ளைகளின் பாரம் குறைந்துவிட்டது. பெற்றோர் ஆனந்தக் கண்ணீர் வடிக்கலாம். கொரோனாவில் களைத்த மாணவர்கள்மேல் இரக்கப்பட்டு, 2022இல் தேசியப் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் கத்தி வைத்தது. தனிம அட்டவணை போனது. பரிணாமம் போனது. 'ஆற்றல் மூலங்கள்' போனது. பதினாறாம் பாடமான 'இயற்கை வளங்களின் நீடித்த மேலாண்மை' முழுசாகவே போனது.

அதே ஆண்டு அக்டோபர் 20 அன்று, ஐ.நா. பொதுச்செயலாளர் அந்தோனியோ குட்டெரெஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிரதமர் மோடி 'மிஷன் லைஃப்' தொடங்கிவைத்தார். சுற்றுச்சூழலுக்கு உகந்த வாழ்க்கை முறையாம். குடிமக்கள் செய்ய வேண்டியவை 75 என்று பட்டியலே உண்டு: சிவப்பு சிக்னலில் வண்டியை அணை, குழாயை மூடு, லிஃப்டை விட்டுப் படியேறு, எல்.இ.டி. பல்பு மாட்டு. நல்ல புத்திமதிதான், யார் மறுத்தார்கள்? ஆனால் பட்டியல் முழுக்க நம் வீட்டுக் குழாய், நம் வீட்டு ஸ்விட்ச். சுரங்கக்காரருக்கும் அனல் மின் நிலையத்துக்கும் இதில் வீட்டுப்பாடம் கிடையாது.

சரி, பல்பை மாட்டிவிட்டோம். "இதுக்கு கரன்ட் எங்கேருந்துப்பா வருது?" என்று பிள்ளை கேட்டால்? நிலக்கரி, அணை, காற்று, சூரியன் என்று விளக்கிய பாடத்தைத்தான் தூக்கியாயிற்றே!

விழா நடந்த இடத்தையும் பாருங்கள். குஜராத்தின் ஏக்தா நகர், பழைய பெயர் கெவாடியா. பக்கத்திலேயே சர்தார் சரோவர் அணை. தூக்கியெறியப்பட்ட பதினாறாம் பாடம் அணைகளைப் பற்றி என்ன சொன்னது தெரியுமா? விவசாயிகளும் பழங்குடிகளும் போதிய இழப்பீடின்றி விரட்டப்படுகிறார்கள், மக்கள் பணம் விழுங்கப்படுகிறது, அதற்கேற்ற பலன் இல்லை, காடு அழிகிறது. இந்தக் குற்றச்சாட்டுகளை எழுதிவிட்டு, நர்மதை அணைக்கு எதிரான போராட்டத்தையும் பெயர் சொல்லிக் குறித்தது. நம்மூர் ஏரிகளுக்கும் அதில் இடம் இருந்தது. ஜோத்பூர் அருகே வன்னி மரங்களைக் காக்க நூற்றுக்கணக்கானோரோடு உயிர்விட்ட அம்ருதா தேவி பிஷ்னோயும் இருந்தாள். அன்று மரம் வெட்ட வந்தவர்கள் அரசனின் ஆட்கள். இதைப் படித்த பிள்ளை அடுத்து என்ன கேட்கும் என்பது தெரியாதவர்களா பாடத்தை வெட்டினார்கள்?

மூடு என்றால் மூடும் கை வேண்டும் இவர்களுக்கு. தண்ணீர் யார் வயலுக்குப் போனது, யார் ஆலைக்குப் போனது என்று கேட்கும் வாய் வேண்டாம். சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொல்லி எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 1991இல். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்கிறது அரசியல் சட்டம். கடமை நமக்கு, கத்தரிக்கோல் அவர்களுக்கு!

2022க்கு முந்தைய பதிப்பு பழைய புத்தகக் கடைகளில் தேடினால் கிடைக்கும். எடைக்குப் போய் அரைபடுவதற்குள் ஒன்றை வாங்கிவந்து, பதினாறாம் பாடத்தைப் பிள்ளையிடம் கொடுங்கள். பரீட்சைக்கு வராது, பரவாயில்லை, படிக்கட்டும்.