மொய் வாங்கிய கிட்டார்

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறவனிடம் கடைக்காரர் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று உண்டு: அது ஊமை. தந்தியை மீட்டினால் ஈயச் சொம்பில் கொசு மோதியது போல ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். அதற்கு வாய் என்பது ஆம்ப். எங்கள் பென்னாகரம் வீட்டில் நல்ல வால்வு ஆம்ப் வைப்பதற்கு இரண்டு தடைகள். ஒன்று விலை. இன்னொன்று அம்மா.

வால்வு ஆம்ப், சத்தத்தைக் கூட்டினால்தான் ருசி கொடுக்கும். 1965-இல் ஜிம் மார்ஷல் லண்டனில் 100 வாட் ஆம்ப் செய்தது பெரிய அரங்குகளுக்காக. சுவருக்கு அந்தப் பக்கம் கறவை மாடு நிற்கும் வீட்டுக்காக அல்ல. ஆகவே, ஆம்ப் இல்லாமல் பதிவு செய்வது என்று முடிவெடுத்தேன்.

முதலில் கம்ப்யூட்டரின் மைக் துளையில் நேராகச் சொருகினேன். போர்வைக்குள் படுத்துக்கொண்டு யாரோ முனகுவது மாதிரி பதிவானது. காரணம் பிறகுதான் புரிந்தது. கிட்டாரிலிருந்து வரும் மின்சாரம் கோடைக்காலத்துக் கிணற்று ஊற்று. மெல்ல மொண்டால் தெளிந்த தண்ணீர். மோட்டார் போட்டு இழுத்தால் சேறு. மைக் துளையின் மின்தடை சில ஆயிரம் ஓம்தான், அது மோட்டார். கிட்டாருக்கு வேண்டியதோ சுமார் 10 லட்சம் ஓம்.

அடுத்து, மைக் செட் போடும் அண்ணனிடம் ஒரு ஆம்ப்ளிஃபயரும் குழாய் ஸ்பீக்கரும் கடன் வாங்கி வேப்ப மரத்தில் கட்டினேன். எதிரே போனை வைத்துப் பதிவு செய்வதாகத் திட்டம். குழாய்க்கு அடிநாதம் கிடையாது. பேச்சு தூரத்துக்குக் கேட்கச் செய்த பொருள் அது. நான் வாசித்ததும் தூரத்துக்குத்தான் கேட்டது. அரை மணி நேரத்தில் வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் வந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

“பத்திரிகை வரலைன்னா என்னப்பா, சொந்தம்னா வரவேண்டியதுதான். யாருக்குக் காது குத்து?”

அம்மா காபி கொடுத்தாள். விளக்கம் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், அவர் 101 ரூபாயை என் கையில் திணித்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

மனதைத் தேற்றிக்கொள்ள வரலாற்றைப் புரட்டினேன். 1964-இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், தன் சின்ன ஆம்பின் ஸ்பீக்கரை பிளேடால் கீறிவிட்டு வாசித்தார், உலகப் புகழ். 1968-இல் பீட்டில்ஸ் ‘ரெவல்யூஷன்’ பாட்டுக்கு ஆம்பே இல்லாமல், ஒலிப்பதிவு மேஜைக்குள் கிட்டாரை நேராக விட்டு அதைக் கதறவைத்தார்கள், அதுவும் புகழ். அவர்கள் கெடுத்தால் புதுமை, நான் கெடுத்தால் காது குத்து.

கடைசியில், கிட்டாருக்கென்றே தனித் துளை உள்ள சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கினேன். நிஜ ஆம்புகளின் குணத்தைக் கற்றுக்கொண்டு நடிக்கும் ‘நியூரல் ஆம்ப் மாடலர்’ என்ற மென்பொருள் இலவசம். ஆசையாக வாசித்தேன். அடுப்படியிலிருந்து குரல் வந்தது: “ஏன் சாமி, தண்ணி ஊத்தாம மிக்ஸிய ஓட்டற?”

அம்மா சொன்னது சரி. ஆம்ப் என்றால் ஆம்ப் மட்டுமல்ல, அதன் ஸ்பீக்கர் பெட்டியும்தான். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள கீச்சை விழுங்கிவிடும். அந்தப் பெட்டியின் குணத்தைப் பிடித்து வைத்த சின்னக் கோப்பு ஒன்றைச் சேர்த்ததும் மிக்ஸி நின்றது, கிட்டார் வந்தது.

ஆனால் தாமதமாக வந்தது. கம்ப்யூட்டர் 1024 ஒலி மாதிரிகளைச் சேர்த்துவைத்துத்தான் வேலையைத் தொடங்கியது. போக வர 40 மில்லி செகண்டுக்கு மேல். 14 மீட்டர் தள்ளி, மாட்டுக் கொட்டகையில் வேறு யாரோ வாசிப்பது போல இருந்தது. 128-க்குக் குறைத்ததும் அந்த ஆள் என் மடிக்கு வந்து சேர்ந்தார்.

மிச்சமிருந்தது ‘ம்ம்ம்’ என்ற ஓங்காரம். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை கிட்டாரின் ஒற்றைச் சுருள் பிக்கப் பிடித்துக்கொள்கிறது. திரும்பித் திரும்பி உட்கார்ந்து பார்த்ததில், ஒகேனக்கல் பக்கம் பார்த்தால் இரைச்சல் குறைகிறது. வாஸ்து அல்ல, பிக்கப்பின் திசைதான். இப்போது அப்படியே உட்கார்ந்து, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு நடு ராத்திரியில் வாசிக்கிறேன். மாடு நிம்மதியாக அசை போடுகிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆம்புக்காகக் கடன் வாங்காதீர்கள். கிட்டார் துளை உள்ள இன்டர்ஃபேஸ் ஒன்று, அந்த இலவச மென்பொருள், பெட்டிக் கோப்பு ஒன்று, சுமாரான ஹெட்ஃபோன் ஒன்று போதும். மரத்தில் மட்டும் எதையும் கட்டாதீர்கள்.

அந்த 101 ரூபாயைத் திருப்பித் தரப் போனேன். அம்மா விடவில்லை: “மொய்யத் திருப்பக் கூடாது, செய்யணும்.” வரும் தை மாதம் பெரியவரின் பேரனுக்குக் காது குத்து. 201 எழுத வேண்டும். இசையில் என் வரவு செலவுக் கணக்கு இதுவரை இவ்வளவுதான்.