கொசுறு ஒரு வாளி

நொச்சிக்குப்பத்தில் ஹவுசிங் போர்டு படி இறங்கினால் லூப் ரோடு, ரோட்டைத் தாண்டினால் வங்கக்கடல். இங்கே ஆயுள் முழுக்க மீன் விற்ற என் அத்தைக்கு, ராமேஸ்வரம் போய்க் கடலில் முழுக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

"கடல்தான் இங்கியே கீதே, அத்தே?"

"இது தொழில் பண்ற கடல்டா. அது சாமி கடல்."

சாமி அப்படி நினைப்பதாகத் தெரியவில்லை. மாசி மகத்தன்று கபாலீஸ்வரரே எங்கள் பக்கத்துக் கடற்கரைக்குத்தான் தீர்த்தவாரிக்கு வருகிறார். மயிலையின் மாசிக் கடலாட்டைச் சம்பந்தர் பூம்பாவைப் பதிகத்தில் பாடியே ஆயிரத்து முந்நூறு வருஷம் இருக்கும். எடுத்துச் சொன்னேன். "அவரு வர்றாரு, கிளம்பிடறாரு. நான் தினம் இங்கதானே குந்தினுகீறேன்" என்று அத்தை பையில் துணியை அடுக்கினாள்.

பாம்பன் வந்ததும் ரயில் பெட்டியே ஜன்னலில் தொற்றிக்கொண்டது. 1914இல் திறந்த பழைய பாலம் பக்கத்தில் சும்மா நிற்க, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் மேல் போனோம். கப்பல் வந்தால் நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறுமாம். அத்தைக்குப் பாலம் கண்ணில் படவே இல்லை. கீழே நின்ற படகுகளில் எது நேற்றுக் கடலுக்குப் போகவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

கோயிலுக்குக் கிழக்கே அக்னி தீர்த்தம். கடல் அலையே இல்லாமல் குளம் மாதிரி கிடந்தது. பாக் நீரிணையில் ஆழமும் குறைவு, இலங்கை வேறு குறுக்கே நிற்கிறது. பெரிய அலை வர வழியில்லை.

"அலையே இல்லாம பாவம் எப்பட்றா போவும்? தேய்க்கறதுக்கு ஆள் வேணாமா?"

இந்தப் பக்கம் இருப்பது பெண் கடல், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் இரைவதுதான் ஆண் கடல் என்று ஆட்டோக்காரர் விளக்கினார். பெண் கடல் சாதுவாம். அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "லூப் ரோட்டு மார்க்கெட்டுக்கு ஒரு நாள் வா நைனா. பொம்பள எம்மாம் சாதுன்னு காட்றேன்."

அப்புறம் முழுகினாள். எங்கள் குப்பத்தில் ஆண்கள் கடலிலேயே கிடப்பார்கள்; அத்தை கணுக்காலுக்கு மேல் கடலில் நனைந்து நான் பார்த்ததில்லை. இங்கே மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகிவிட்டு, எழுந்து வர மாட்டேன் என்றாள்.

கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். பெரும்பாலும் கிணறுகள். சுவர் மேல் நிற்பவர் வாளியை வீசி, இறைத்து, வரிசையில் நிற்கும் தலைகளில் ஊற்றிக்கொண்டே இருக்கிறார். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை. தலைக்கு ஒரு வாளிதான். அத்தை நகரவில்லை. "இன்னொன்னு ஊத்துப்பா, கொசுறா." கால் கிலோ நெத்திலிக்கு மேல் ஒரு நெத்திலி கேட்டவர்களையெல்லாம் வம்சத்தோடு விசாரித்து அனுப்பியவள் கேட்கிறாள்! அவர் ஊற்றினார். அடுத்த கிணற்றிலும் கேட்டாள். அங்கேயும் கிடைத்தது. கடைசிக் கிணற்றுக்கு வரும்போது எனக்குத் தும்மல் நிற்கவில்லை. அத்தைக்கு வியாபாரம் படிந்த முகம்.

ஈரத்துணியோடு சன்னதிக்குப் போகக் கூடாது. மாற்றிக்கொண்டு ராமநாத சுவாமியைக் கும்பிட்டோம். 1,212 தூண்கள் உள்ள வெளிப் பிராகாரத்தை அத்தை ஒரே நடையில் கடந்தாள். படகு கரைக்கு வரும் நேரமாம்.

கரையில் ஒரு கூடை விடாமல் விலை கேட்டாள். யாத்திரைக்கு வந்த இடத்தில் மீனா என்று இழுத்தேன்.

"துண்ணாத்தான்டா தப்பு. வெலை கேட்டா சாமி கோச்சுக்காது" என்றவள், என் போனைப் பிடுங்கி லூப் ரோட்டுக்கே பேசினாள்: "இந்தாம்மே, நான் வர்ற வரைக்கும் வஞ்சிரத்துல பத்து ரூபா கூட குறைக்காத. கொசுறு கேட்டா நான் ஊர்ல இல்லேன்னு சொல்லிடு."